காவலனை அளக்கும் கோல்கள்

மின்னோட்டத்தை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் ஒரு கம்பியில் எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எளிதாகக் கூறிவிடுகிறீர்கள். எவ்வாறு? மின்னோட்டம் ஒரு காந்த விளைவை உண்டாக்குகிறது; அவ்விளைவு அம்மீட்டரின் முள்ளை விலக்குகிறது; முள் நிற்கும் இடத்தை நீங்கள் படிக்கிறீர்கள். வெப்பமானியிலும் இவ்வாறே. நம் கண்ணுக்குத் தெரிவது குழாயில் ஏறி நிற்கும் பாதரசத்தின் உயரம் மட்டுமே. ஒரு பொருளை நேரே காண இயலாதபோது அதன் விளைவை அளந்து பொருளை மதிப்பிடுவது இயற்பியலில் பழகிப்போன வழி.

இவ்வழியை மருத்துவ ஆய்வுக்கூடங்களும் கையாளுகின்றன. நமது உடலில் 'இன்டர்ஃபெரான்' என்றொரு புரதம் தோன்றுகிறது. வைரஸ்களிடமிருந்து நம்மைக் காக்கும் காவலன் அது. சிலவகை வாத நோய்களில் இக்காவலனே நோயை வளர்ப்பவனாக மாறிவிடுகிறான். அந்நோயாளிகளின் இரத்தத்தில் அவன் எவ்வளவு இருக்கிறான் என்பதை அறிந்தால் மருத்துவத்துக்கு வழி பிறக்கும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் இன்டர்ஃபெரான் இருப்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான். பெரும்பாலும் அதனினும் குறைவு. எந்தத் தராசிலும் நிற்காத இந்த எடையை எப்படி அளப்பது? விஞ்ஞானிகள் இதற்கென நான்கு வகைக் கோல்களைப் படைத்திருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

குறுக்கிடும் பொருள்

லண்டன் நகரில் மில் ஹில் என்னுமிடத்தில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே அலிக் ஐசக்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் ழான் லிண்டன்மன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியும் சேர்ந்து ஓர் ஆய்வில் ஈடுபட்டிருந்தனர். ஒரு வைரஸ் தாக்கிய செல்லை வேறொரு வைரஸ் எளிதில் தாக்க முடிவதில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. இதற்குக் காரணம் என்ன என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

கோழி முட்டையில் வளரும் கருவைச் சூழ்ந்துள்ள சவ்வைத் துண்டுகளாக்கி உப்புக் கரைசலில் இட்டார்கள். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுவென்சா வைரஸை அதனுடன் சேர்த்தார்கள். பிறகு சவ்வுத் துண்டுகளைக் கழுவிப் புதிய கரைசலில் வைத்தார்கள். ஒரு நாள் சென்றபின் அந்தக் கரைசலை மட்டும் எடுத்து, வைரஸையே அறியாத புதிய சவ்வுத் துண்டுகளின்மேல் ஊற்றினார்கள். அதன்பின் உயிருள்ள வைரஸைச் சேர்த்துப் பார்த்தபோது அது பெருகவில்லை! ஆகவே, முதலில் தாக்குண்ட செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து கரைசலில் விட்டிருக்கவேண்டும். வைரஸின் வளர்ச்சியில் குறுக்கிடும் பொருள் என்ற கருத்தில் அதற்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டு, 1957-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜப்பானில் நாகானோ, கோஜிமா என்ற இருவரும் 1954-இலேயே இத்தகைய ஒரு பொருளைப் பற்றி எழுதியிருந்தனர்.

இன்டர்ஃபெரான் வைரஸைத் தானே கொல்வதில்லை. அது அண்டைச் செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே அச்செல்லினுள் நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழித்துக்கொண்டு, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் புரதங்களைச் செய்விக்கின்றன. திருடன் புகுந்த வீட்டார் கூச்சலிட, அடுத்த வீட்டார் கதவைத் தாழிட்டுக்கொள்வது போன்றது இது. பின்னாளில் இன்டர்ஃபெரான் ஒரே பொருளன்று, ஒரு குடும்பம் என்பது தெரியவந்தது. ஆல்பா, பீட்டா முதலியவை முதல் வகை. காமா இரண்டாம் வகை. ஆல்பாவில் மட்டும் மனிதனிடம் 12 வடிவங்கள் உள்ளன. இந்தக் குடும்பக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் தொல்லை கொடுக்கப் போகிறது.

கூச்சல் ஓயாவிட்டால்?

மூட்டுகளையும் தசைகளையும் அவற்றைச் சூழ்ந்த திசுக்களையும் தாக்கும் பல நோய்களை மருத்துவர்கள் ருமாட்டிக் நோய்கள் என்கிறார்கள். தமிழில் வாத நோய்கள் எனலாம். இவற்றுள் சிலவற்றுக்கு வெளியிலிருந்து வரும் கிருமி காரணமன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே தன் உடலைப் பகையெனக் கருதித் தாக்குவதால் அவை உண்டாகின்றன. முடக்குவாதம் அவற்றில் ஒன்று, லூப்பஸ் மற்றொன்று.

லூப்பஸ் நோயில் மூட்டுகள் வலிக்கும், முகத்தில் செந்தடிப்புத் தோன்றும், சிறுநீரகமும் கெடக்கூடும். இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். இவர்களுடைய இரத்தத்தில் தம் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன. இறந்த செல்களிலிருந்து சிதறிய டி.என்.ஏ.வும் இந்த எதிர்ப்பொருளும் பிணைந்து ஒரு கூட்டாகி, ஒருவகை வெள்ளையணுவினுள் நுழைகின்றன. வைரஸ்தான் வந்துவிட்டது என்று அவ்வெள்ளையணு மயங்கி ஆல்பா இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. இன்டர்ஃபெரான் எதிர்ப்பாற்றலை மேலும் தூண்ட, எதிர்ப்பொருள்கள் மேலும் பெருகுகின்றன. அவை மீண்டும் இன்டர்ஃபெரானைப் பெருக்குகின்றன. பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் எதிரே வைத்துவிட்டால் 'கூ' என்று ஊளையெழும் அல்லவா? தன் வெளியீடே தனக்கு உள்ளீடாகும் அதே சுழற்சிதான் இங்கும் நடக்கிறது.

இன்டர்ஃபெரான் இச்சுழற்சியில் வெறும் பார்வையாளனா, பங்காளியா? 1990-இல் சுவீடன் நாட்டின் உப்சாலாவிலிருந்து வந்த ஒரு மருத்துவக் குறிப்பு இக்கேள்விக்கு வெளிச்சம் காட்டியது. ஒருவகைக் கட்டிக்காக ஆல்பா இன்டர்ஃபெரானையே மருந்தாகப் பெற்றுவந்த ஒரு நோயாளிக்கு லூப்பஸ் உண்டாயிற்று என அக்குறிப்பு கூறியது. எனவே இன்டர்ஃபெரானை அளப்பது வெறும் ஆர்வத்துக்கான வேலையன்று என்பது தெளிவாயிற்று.

முதல் கோல்: செல்களையே கேட்பது

மிகப் பழைய முறை, ஐசக்ஸும் லிண்டன்மன்னும் செய்த சோதனையின் வழி வந்தது. இன்டர்ஃபெரானின் வேலை செல்களை வைரஸிடமிருந்து காப்பது. அப்படியானால், கொடுத்த இரத்த நீர் எவ்வளவு செல்களைக் காக்கிறது என்று பார்த்தால் போதுமல்லவா?

உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் மனிதச் செல்களை வளர்க்கிறார்கள். மனித இன்டர்ஃபெரானை அளக்கக் கோழிச் செல் உதவாது. இப்பொருள் பெரும்பாலும் தன் இனத்துச் செல்களிடமே நன்கு வேலை செய்யும். முதல் குழியில் நோயாளியின் இரத்த நீரை இட்டு, அடுத்தடுத்த குழிகளில் அதையே 1/2, 1/4, 1/8, 1/16 என்று இரு மடங்காக நீர்த்து இடுகிறார்கள். ஒரு நாள் விட்டு, கால்நடைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸை எல்லாக் குழிகளிலும் சேர்க்கிறார்கள். மேலும் ஓரிரு நாள் சென்றபின் கிரிஸ்டல் வயலட் என்ற சாயத்தை ஊற்றிக் கழுவுகிறார்கள். செல்கள் பிழைத்த குழி ஊதா நிறமாக நிற்கும். செல்கள் மடிந்த குழி வெறுமையாகத் தெரியும். எந்தக் குழியில் பாதிச் செல்கள் பிழைத்தனவோ அதுவே நமக்கு வேண்டிய குழி.

இந்த இரு மடங்கு நீர்த்தலை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எட்டுக் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வையுங்கள். முதல் தம்ளரில் முழு அளவு மை கலந்த நீரையும், மற்றவற்றில் பாதியளவு வெறும் நீரையும் ஊற்றுங்கள். முதல் தம்ளரிலிருந்து பாதியை இரண்டாவதில் ஊற்றிக் கலக்குங்கள். அதில் பாதியை மூன்றாவதில் ஊற்றுங்கள். இவ்வாறே இறுதிவரை செல்லுங்கள். எந்தத் தம்ளர் வரை நிறம் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்கு ஏழாவது தம்ளர் வரையும், அதே நிறமுள்ள வேறொரு மைக்கு ஐந்தாவது வரையும் நிறம் தெரிந்தால், முதல் மை இரண்டாவதைவிட நான்கு மடங்கு செறிவானது. நிறத்தின் எடையை நீங்கள் அளக்கவில்லை, ஆயினும் ஒப்பிட்டுவிட்டீர்கள்.

ஒப்பிடுவதற்கு ஒரு நிலையான பொருள் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென நியம இன்டர்ஃபெரானை உறையவைத்து உலர்த்திச் சிறு குப்பிகளில் அடைத்து வழங்க ஏற்பாடு செய்திருக்கிறது. அதன் வலிமை பன்னாட்டு அலகில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மில்லிலிட்டரில் 100 அலகுள்ள நியமக் கரைசல் 1/64 நீர்த்தலில் பாதிச் செல்களைக் காக்கிறது என்போம். அதே தட்டில் நோயாளியின் இரத்த நீர் 1/16 நீர்த்தலில் பாதிச் செல்களைக் காக்கிறது. அவ்விரு குழிகளிலும் ஒரே அளவு இன்டர்ஃபெரான் இருக்கவேண்டும். ஆகவே நோயாளியின் இரத்த நீரிலுள்ளது 100 × 16/64, அதாவது 25 அலகு.

ஓர் அலகு என்பது எத்தனை மூலக்கூறு? தூய ஆல்பா இன்டர்ஃபெரான் ஒரு மில்லிகிராமில் சுமார் 20 கோடி அலகுகள் உள்ளன. எனவே ஓர் அலகின் எடை 5 பிகோகிராம். (ஒரு கிராம் என்பது இலட்சம் கோடி பிகோகிராம்.) இதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 20,000. அவகாட்ரோ எண்ணைக்கொண்டு கணக்கிட்டால், ஓர் அலகில் சுமார் 15 கோடி மூலக்கூறுகள் இருப்பது தெரியும். ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில் இவ்வளவு பெருங்கூட்டம்!

இக்கோலின் சிறப்பு, அது இன்டர்ஃபெரானின் உண்மையான செயலையே அளப்பது. குறைகளும் உண்டு. உயிருள்ள வைரஸைக் கையாளவேண்டும். முடிவுக்குப் பல நாள் காத்திருக்கவேண்டும். செல்கள் இன்று நடந்துகொள்வதுபோல் நாளை நடந்துகொள்வதில்லை. நோயாளியின் இரத்த நீரிலுள்ள வேறு பொருள்களும் செல்களுக்கு உதவலாம் அல்லது ஊறு செய்யலாம்.

அமிலம் எழுப்பிய புதிர்

குறைகள் இருந்தும் இந்தக் கோலே முதற் செய்தியைத் தந்தது. 1979-இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார ஆய்வு நிலையங்களில் ஹூக்ஸும் அவருடைய துணைவர்களும் லூப்பஸ், முடக்குவாதம் முதலிய நோய்கள் கண்டவர்களின் இரத்த நீரில் இன்டர்ஃபெரான் செயல் இருப்பதைக் கண்டார்கள். இருப்பது எந்த வகை? அக்காலத்தில் இதற்கு ஓர் எளிய சோதனை இருந்தது. பி.எச். மதிப்பு 2 உள்ள அமிலத்தில் வைத்தால் ஆல்பா தாங்கும்; காமா அழிந்துவிடும். நோயாளிகளிடம் கண்ட இன்டர்ஃபெரான் அமிலத்தில் அழிந்தது. இத்தகைய பண்புகளைக் கொண்டு அது காமா வகை எனக் கருதப்பட்டது.

1982-இல் பிரெபிள் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியில் சென்றார்கள். ஆல்பாவை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை லூப்பஸ் நோயாளியின் இரத்த நீரில் சேர்த்துப் பிறகு செல் சோதனை செய்தார்கள். செல்களைக் காக்கும் ஆற்றல் போய்விட்டது! ஆகவே அங்கிருந்தது ஆல்பாவே. ஆனால் அமிலத்தைத் தாங்காத, வழக்கத்துக்கு மாறான ஆல்பா. அம்மீட்டரின் முள் விலகுவது மின்னோட்டம் உண்டு என்பதைச் சொல்லுமேயன்றி, அது மின்கலத்திலிருந்து வந்ததா, டைனமோவிலிருந்து வந்ததா என்பதைச் சொல்லாது. செல் சோதனையும் அத்தகையதே. வகையைப் பிரித்தறிய எதிர்ப்பொருளின் துணை வேண்டியிருந்தது.

இரண்டாம் கோல்: எதிர்ப்பொருள் பொறி

எதிர்ப்பொருள் தனக்குரிய பொருளை மட்டுமே பற்றும் என்றால், அதையே பொறியாக வைத்து இன்டர்ஃபெரானைப் பிடிக்கலாமே! இம்முறைக்கு 'எலிசா' என்று பெயர். குழியின் அடியில் ஓர் எதிர்ப்பொருளை ஒட்டிவைத்து, இரத்த நீரை ஊற்றுகிறார்கள். இன்டர்ஃபெரான் அதில் சிக்குகிறது. மற்றவற்றைக் கழுவிவிட்டு, இன்டர்ஃபெரானின் மறுபக்கத்தைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். இதனுடன் ஒரு நொதி பிணைக்கப்பட்டிருக்கும். நிறமற்ற ஒரு பொருளைச் சேர்த்தால் நொதி அதை நிறமுள்ளதாக மாற்றும். நிறத்தின் செறிவை ஒளிமின்கலத்தால் அளக்கிறார்கள்.

வைரஸ் வேண்டாம், வளர்ப்புச் செல் வேண்டாம். சில மணி நேரத்தில் முடிவு கிடைக்கும். ஆனால் வாத நோயாளிகளிடம் இக்கோல் தடுமாறியது. முதலாவதாக, 12 ஆல்பா வடிவங்களையும் ஒரே எதிர்ப்பொருள் சமமாகப் பற்றுவதில்லை. இரண்டாவதாக, பல நோயாளிகளிடம் இருக்கும் அளவு வழக்கமான எலிசாவுக்கு எட்டாத அளவு. மூன்றாவது தொல்லை இந்நோய்களுக்கே உரியது. முடக்குவாதம் கண்டவர்கள் பலரிடம் 'ருமாட்டாய்டு காரணி' என்றொரு எதிர்ப்பொருள் உள்ளது. அது மற்ற எதிர்ப்பொருள்களையே பற்றும் இயல்புடையது. பொறியிலுள்ள முதல் எதிர்ப்பொருளையும் நொதி பிணைந்த இரண்டாவதையும் அதுவே பாலம்போல் இணைத்துவிட்டால், இடையில் இன்டர்ஃபெரான் இல்லாமலே நிறம் தோன்றிவிடும்! நோயே அளவுகோலை ஏமாற்றும் விந்தை இது. இதைத் தடுக்கத் தனிப் பொருள்களைச் சேர்ப்பதும், வெற்றுச் சோதனைகளை உடன் நடத்துவதும் கட்டாயம்.

மூன்றாம் கோல்: காலடித் தடங்கள்

ஆற்று மணலில் யானையைக் காணாவிட்டாலும் அதன் காலடித் தடம் யானை போனதைச் சொல்லிவிடும். இன்டர்ஃபெரான் ஒரு செல்லைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழிக்கும் என்று பார்த்தோம். விழித்த ஜீன் ஒவ்வொன்றும் தன் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் படியெடுத்து அனுப்பும். நோயாளியின் வெள்ளையணுக்களில் அந்த ஆர்.என்.ஏ.க்கள் மிகுந்திருந்தால், இன்டர்ஃபெரான் அங்கு வந்துபோயிருக்கிறது என்று கொள்ளலாம்.

2003-இல் அமெரிக்காவின் பல ஆய்வுக் குழுக்கள், ஆயிரக்கணக்கான ஜீன்களின் செயலை ஒரே சமயத்தில் காட்டும் சில்லுகளைப் பயன்படுத்தி லூப்பஸ் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தன. வெவ்வேறு நகரங்களில் தனித்தனியே நடந்த இந்த ஆய்வுகள் ஒரே காட்சியைக் கண்டன. பல நோயாளிகளிடம் இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் ஜீன்கள் கூட்டமாக விழித்திருந்தன. இதற்கு 'இன்டர்ஃபெரான் கையொப்பம்' என்ற பெயர் வழங்கலாயிற்று.

ஆயிரக்கணக்கான ஜீன்களை எல்லாருக்கும் சோதிப்பது செலவு மிக்கது. எனவே சில ஜீன்களை மட்டும் தேர்ந்து, பி.சி.ஆர். முறையில் அளக்கிறார்கள். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, பின் அதைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறார்கள். 10 சுற்றில் ஒன்று 1,024 ஆகும். 20 சுற்றில் 10,48,576 ஆகும். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்லை இரட்டித்துக்கொண்டே போன கதைதான்! ஒவ்வொரு சுற்றிலும் ஒளிரும் சாயத்தின் ஒளி கூடுகிறது. ஒளி ஒரு குறித்த அளவைத் தொட எத்தனை சுற்றுகள் ஆயின என்று எண்ணினால் போதும். உடல்நலமுள்ளவரின் மாதிரி 27-ஆம் சுற்றிலும் நோயாளியின் மாதிரி 22-ஆம் சுற்றிலும் அந்த அளவைத் தொட்டால், வேறுபாடு 5 சுற்று. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. அதாவது நோயாளியிடம் அந்த ஜீனின் செய்தி 32 மடங்கு மிகுதி. எடுத்த இரத்தத்தின் அளவு வேறுபட்டாலும் கணக்குப் பிழையாமலிருக்க, இன்டர்ஃபெரானுக்கு அசையாத வேறொரு ஜீனையும் உடன் அளந்து ஒப்பிடுவார்கள்.

முதல் கோலையும் மூன்றாம் கோலையும் இணைத்த ஒரு முறையும் உண்டு. 2006-இல் நியூயார்க்கில் மேரி குரோ என்ற மருத்துவ அறிஞரின் குழுவினர், வளர்ப்புச் செல்களின்மேல் நோயாளியின் இரத்த நீரைச் சில மணி நேரம் வைத்து, அச்செல்களில் விழித்த ஜீன்களைப் பி.சி.ஆர். மூலம் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். இங்கே வைரஸுக்கு வேலையில்லை. வேறு சில ஆய்வுக்கூடங்களில், மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் நொதிக்கான ஜீனைச் செல்களில் பொருத்திவைத்திருக்கிறார்கள். இன்டர்ஃபெரான் தொட்டவுடன் அச்செல்கள் அந்நொதியை உண்டாக்கும். உரிய வேதிப்பொருளைச் சேர்த்தால் ஒளி விடும். எத்தனை ஒளி, அத்தனை இன்டர்ஃபெரான்.

காலடித் தடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆல்பா வந்ததா, பீட்டா வந்ததா என்று தடம் தெளிவாகச் சொல்லாது. இரண்டும் ஒரே ஏற்பியில்தான் ஒட்டுகின்றன. காமாவும் அவற்றுள் சில ஜீன்களை எழுப்பும். சாதாரண வைரஸ் காய்ச்சல் கண்டவரிடமும் இதே தடம் பதியும்.

நான்காம் கோல்: ஒவ்வொன்றாய் எண்ணுதல்

பொருளையே, அதுவும் மூலக்கூறு மூலக்கூறாக எண்ணிவிட முடியாதா? அமெரிக்காவில் டேவிட் வால்ட் என்ற வேதியியலறிஞரின் வழியில் வளர்ந்த ஒரு முறை 2010-இல் வெளியாயிற்று. எலிசாவின் பொறியை இங்கே மிக நுண்ணிய மணிகளின்மேல் ஒட்டுகிறார்கள். ஒரு மணியின் விட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. மூலக்கூறுகளைவிட மணிகள் மிக அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பின்பு ஒரு மணி மட்டுமே அமரக்கூடிய நுண்குழிகளில் அவற்றை அடைத்து மூடுகிறார்கள். இன்டர்ஃபெரான் பிடித்த மணியுள்ள குழியில் நொதி வேலை செய்து ஒளிரும் பொருளை உண்டாக்குகிறது. பெரிய குழியில் இவ்வொளி பரவி மறைந்துபோகும். நுண்குழியில் அது வெளியேற வழியின்றிச் செறிந்து நிற்பதால் ஒரே மூலக்கூறின் ஒளியும் படக்கருவிக்குத் தெரிகிறது. இனி நிறத்தின் செறிவை அளக்கவேண்டியதில்லை. ஒளிரும் குழிகளை எண்ணினால் போதும்.

ஒரு மணியில் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிவிட்டால் கணக்குப் பிசகாதா? இதற்கு விடை பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837-இல் தந்த சூத்திரத்தில் உள்ளது. 1,00,000 மணிகளும் 10,000 மூலக்கூறுகளும் இருப்பதாகக் கொள்வோம். சூத்திரத்தின்படி சுமார் 90,500 மணிகள் வெறுமையாக இருக்கும். சுமார் 9,500 மணிகள் ஒளிரும். ஒளிர்பவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறைத் தாங்கியவை 470 அளவில்தான் இருக்கும். ஆகவே ஒளிரும் மணிகளை எண்ணி, சூத்திரத்தால் சிறு திருத்தம் செய்தால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

2017-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களும் பிறரும் இம்முறையை ஆல்பா இன்டர்ஃபெரானுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார்கள். ஒரு மில்லிலிட்டரில் ஒரு ஃபெம்டோகிராமுக்கும் குறைவான அளவைக்கூட அவர்களால் உணர முடிந்தது. பிகோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோகிராம். அதில் சுமார் 30,000 மூலக்கூறுகள் இருக்கும். முன்பு கண்ட ஓர் அலகின் 15 கோடியுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பல ஆல்பா வடிவங்களையும் இறுகப் பற்றும் எதிர்ப்பொருள்கள் அவர்களுக்கு எங்கே கிடைத்தன தெரியுமா? அரியதொரு பரம்பரை நோய் கண்டவர்களின் உடல், தன் சொந்த இன்டர்ஃபெரானுக்கு எதிராகவே மிக வலிய எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. அவற்றையே பொறியாகக் கொண்டார்கள். ஒரு நோயாளியின் குறை மற்றொரு நோயாளிக்கு அளவுகோலாயிற்று.

எந்தக் கோல் சரியானது?

நான்கு கோல்களையும் ஒரே நோயாளியிடம் வைத்தால் நான்கும் ஒரே விடை தருமா? தரவேண்டும் என்பதில்லை. எண்ணும் கோல் இரத்த நீரில் இப்போதுள்ள பொருளைச் சொல்கிறது. செல் கோல் அப்பொருளின் செயல் வலிமையைச் சொல்கிறது. தடத்தைப் பார்க்கும் கோல் உடலின் செல்கள் அச்செயலை எவ்வாறு ஏற்றன என்பதைச் சொல்கிறது. ஒரு மின்சுற்றில் வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் வெவ்வேறு எண்களைக் காட்டுவதால் ஒன்று பொய் என்று நாம் கூறுவதில்லையே! எதை அளந்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான் முக்கியம்.

இதில் தெளிவு இல்லாததால் வந்த தொல்லை பெரிது. ஓர் ஆய்வுக்கூடம் மூன்று ஜீன்களை அளந்தது. இன்னொன்று இருபதுக்கு மேற்பட்ட ஜீன்களை அளந்தது. இரண்டுமே தம் முடிவை 'இன்டர்ஃபெரான் மிகுதி' என்று எழுதின. ஓரிடத்தில் 'மிகுதி' எனப்பட்டவர் வேறிடத்தில் 'குறைவு' எனப்படக்கூடும். ஆகவே ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2023-இல் வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டது. எந்தச் சோதனை, எந்த ஜீன்கள், எந்த ஒப்பீடு என்பதை ஒவ்வோர் ஆய்வும் தவறாது கூறவேண்டும். சொற்களை எல்லாரும் ஒரே பொருளில் வழங்கவேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது.

இது ஏட்டுச் சண்டையன்று. இன்டர்ஃபெரான் ஒட்டும் ஏற்பியை மூடிவிடும் 'அனிஃப்ரோலுமாப்' என்ற மருந்துக்கு 2021-இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் லூப்பஸ் நோய்க்காக ஒப்புதல் அளித்தது. அம்மருந்தைச் சோதித்தபோது, நான்கு ஜீன்களைப் பி.சி.ஆர். முறையில் அளந்து நோயாளிகளை மிகுதி, குறைவு என இரு பிரிவாக்கினார்கள். ஏறத்தாழ ஐந்தில் நால்வர் மிகுதிப் பிரிவில் இருந்தார்கள். ஐந்தாமவரின் மூட்டும் வலிக்கத்தான் செய்கிறது. அவருடைய நோயை வேறு ஏதோ ஒன்று நடத்துகிறது போலும். எவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதை முன்கூட்டியே கூற வேண்டுமானால், அளவுகோல் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும். இச்சோதனைகள் இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்யப்படும் நிலைக்கு வரவில்லை. லூப்பஸ் உண்டா, இல்லையா என்பதை இன்டர்ஃபெரான் அளவை மட்டும் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்வதுமில்லை.

ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரைக் கையிலெடுக்கும்போது முதலில் முள் சுழியில் நிற்கிறதா என்று பார்க்கும்படி உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். வேதியியலில் நியமக் கரைசலைக் கவனமாகத் தயாரிக்கச் சொல்லியிருப்பார். விடையை எழுதும்போது அலகை விட்டுவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார். லூப்பஸ் நோயாளி ஒருவரின் இரத்தத்தில் இன்டர்ஃபெரானைத் தேடுபவர்கள் இன்று செய்துகொண்டிருப்பதும் இந்த மூன்றையே: வெற்றுச் சோதனை, பொது நியமம், எல்லாரும் ஒப்பும் அலகு. இவற்றை ஒழுங்குபடுத்தும் வேலை இன்னும் முடியவில்லை. உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் கணிதமும் கூடிச் செய்யவேண்டிய அந்த வேலையில் உங்களில் சிலருக்கும் இடம் இருக்கிறது.